மிதந்த தொட்டி

சிங்க்கில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு காலிக் கிண்ணம் மிதந்துகொண்டிருக்கிறது. பேசிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் கிண்ணத்தின் விளிம்பை அழுத்துகிறார். தண்ணீர் உள்ளே புகுகிறது. கிண்ணம் ஒருமுறை தள்ளாடிவிட்டு அடியில் போய் உட்கார்கிறது. ஈர விரலை வேட்டி முனையில் துடைத்துக்கொண்ட பிறகுதான், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்.

"இந்த மனுஷன் இருக்கிற வீட்டுல ஒரு டம்ளர் நிம்மதியா மெதக்க முடியாதுங்க" என்கிறார் அவர் மனைவி. குளியலறையில் வாளித் தண்ணீரில் மிதக்கும் குவளைக்கும் இதே கதிதான். விருந்துக்குப் போன வீட்டில்கூட, கை கழுவப் போனவர் அங்கே மிதந்த பிளாஸ்டிக் டப்பாவை மூழ்கடித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் அதைத் துழாவி எடுத்துவிட்டு, வந்தவர் நல்லவர்தானா என்று கணவரிடம் விசாரித்ததாகத் தகவல்.

நல்லவர்தான். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். வெளியே கிளம்பினால் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத, சிமெண்டில் ஊறி ஊறி வெடித்த விரல் நுனிகள். சாலையோரம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, பதிலுக்குக் காத்திருப்பார். சுவர் என்ன சொல்லிற்று என்று கேட்டால், "உள்ள ஈரம். அத வெளிய சொல்ல வெக்கப்படுது" என்பார்.

கட்டட ஒப்பந்தக்காரர். மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவர் கட்டுவார், வீட்டுக்கு அடித்தளம் போடுவார், ஈரம் ஏறிய சுவரைச் சரி செய்து தருவார். தண்ணீரை அடைத்து வைக்கும் எதையும் கட்டமாட்டார். நிலத்தடித் தொட்டி என்று யாராவது வாயைத் திறந்தால், "அதுக்கு வேற ஆள் சொல்றேன், என்னவிட நல்லா பண்ணுவான்" என்று சொல்லி, ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு அவசர வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவார்.

அவர் கட்டும் தடுப்புச் சுவர்களில் ஒரு விசேஷம் உண்டு. சுவருக்குப் பின்னால் மண்ணில் சேரும் தண்ணீர் வெளியேற எல்லோரும் சில துளைகள் விடுவார்கள். இவர் அம்மை போட்டதுபோல் விடுவார்.

"சார், இது சுவரா சல்லடையா?" என்று கொத்தனார் கேட்டார்.

"சல்லடைன்னா நிக்கும்யா. வெறும் சுவர்னா ஒரு மழைக்கு உன் மேலயே படுத்துக்கும். தண்ணிக்கு வேற வேலையே கிடையாது. ராத்திரி பகலா வழி தேடுறதுதான் அதுக்கு உத்தியோகம். நாமளா வழி விட்டுட்டா மரியாதையா போயிடும்."

"நமக்கும் ஒரு உத்தியோகம் இருக்கு சார், பூசி முடிச்சா டீக்குப் போகலாம்."

இப்படித் தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் மனிதரைத்தான் அவருடைய தெருவில் 'கப்பல்' என்று அழைக்கிறார்கள். பட்டப்பெயர் வைப்பதற்கென்று எந்தத் தெருவிலும் கூட்டம் கூடுவதில்லை. ஆனால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிடுகிறது. "கப்பல் வீடு எதுங்க?" என்று கேட்டால் கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கை காட்டுகிறார். நிஜப் பெயரைச் சொன்னால்தான் அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் நிலத்தடித் தொட்டி என்றால் இவர்தான். "என் தொட்டியில எறும்பு நுழையறதுக்குக்கூட வழி கிடையாது" என்பது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ். பொய்யில்லை. தொட்டியை நிரப்பி, தண்ணீர் நின்ற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பூட்டுவார். பல நாள் கழித்துத் திறந்தாலும் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கியிருக்காது. அந்தப் பெருமையில்தான் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கட்டிய தங்கும் விடுதிக்கு, ஒரு பேருந்தை உள்ளே நிறுத்தலாம் போல ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தார். உள்பக்கம் முழுக்க நீல ஓடு.

இந்த மாதிரித் தொட்டிகளின் அடித்தளம் சுவரைத் தாண்டிச் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த விளிம்பின் மேல் மண் ஏறி உட்கார்ந்து தொட்டியைப் பூமியோடு அமுக்கிப் பிடிக்கும். வரைபடத்தில் விளிம்பு இருந்தது. இவர்தான் வெட்டச் சொன்னார். "அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க வேலை. இவ்வளவு கனமான தொட்டி எங்க ஓடிடப் போகுது?" என்று அவர் கேட்டதைக் கேட்டவர்கள் பலர். பிற்பாடு சாட்சி சொல்ல அவர்களில் ஒருவரும் மறக்கவில்லை.

விடுதி திறப்பு விழாவுக்கு முன், வருகிறவர்கள் நீல ஓட்டைப் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று தொட்டித் தண்ணீரை முழுக்க இறைக்கச் சொன்னவரும் இவரே. அப்போது மழை பிடித்துக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் ஏறிக்கொண்டிருந்தது. காலியான தொட்டியைச் சுற்றி மண்ணெல்லாம் தண்ணீர். சாதாரணத் தொட்டியாக இருந்திருந்தால் எங்காவது கசிந்து, உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகுந்து, அந்தக் கனத்தில் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கும். இது இவருடைய தொட்டி. எறும்புக்கே வழியில்லை. விடியும்போது தரையைப் பிளந்துகொண்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, தலையில் மோட்டார் அறையோடு, நங்கூரம் தூக்கிய தோரணையில் நின்றது.

பார்க்க ஊரே வந்தது. "எந்த ஊருக்குங்க கிளம்புது?" என்று ஒருவர் கேட்டார். "டிக்கெட் எங்க தர்றாங்க?" என்றார் இன்னொருவர். மோட்டார் அறைமேல் யாரோ ஒரு துண்டைக் கொடியாகக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. கடைசியில் அதை உடைத்து அகற்ற வந்த ஆட்கள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னா காங்கிரீட்டுங்க! யாரு போட்டது?" என்று மெச்சினார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த இவர், "தெரியலீங்க" என்றார்.

அந்த விடுதி இருக்கும் தெரு வழியாக அவர் இன்றுவரை போவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறார். யாராவது நாலு பேர் சேர்ந்து சிரித்தால், காரணம் கேட்காமலே தலையைக் குனிந்துகொள்கிறார். இந்த விவரங்களில் பாதியை அவர் மனைவி சொன்னார். மீதியை அவர் எதையெல்லாம் சொல்லாமல் தவிர்த்தார் என்பதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

அப்போது அவர் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு கப்பல் வரையப்பட்டிருக்கும். அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டுப் போய் உட்காருவாளாம். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. சண்டை போடாத பெண்ணிடம் மன்னிப்பு கேட்பது எப்படி என்று எந்தத் தகப்பனுக்கும் தெரிவதில்லை.

அவளுக்குக் கல்யாணமாகி, நகரத்தின் மறுகோடியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, அவங்க கேட்டா கட்டட வேலைன்னு மட்டும் சொல்லுங்க. தொட்டிக் கதை வேணாம். நான் அங்கயாவது வெறும் மருமகளா இருந்துட்டுப் போறேனே."

"நான் எதுக்கும்மா தொட்டியப் பத்திப் பேசப் போறேன்?" என்றார் அவர். அந்த வாக்கைக் காப்பாற்றினார். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் கதவு, ஜன்னல், வண்ணப் பூச்சு பற்றியெல்லாம் விரிவாகப் பேசுவார். தண்ணீர் குடிக்கக் கொடுத்தால்கூட அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வைப்பார்.

சம்பந்தி, கணக்குத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். ஓய்வு பெற்ற அதிகாரிகள் எப்படி இருப்பார்களோ அப்படியே இருப்பார். அதாவது ஓய்வு பெறாமல் இருப்பார்.

சென்ற மழைக்காலத்தில், விடாமல் பெய்த மழை ஓய்ந்து வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலை. குழாயில் வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது என்று மாடிக்கு மாடி புகார். தலைவர், நிலத்தடித் தொட்டியைக் காலி செய்து கழுவ உத்தரவிட்டார். தொட்டி கட்டடத்துக்குப் பின்னால், மேட்டு மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரின் காலடியில் இருக்கிறது. மேலே ஒரு கட்டடமும் கிடையாது. சிமெண்டு மூடியும், அதன்மேல் யாரும் தண்ணீர் ஊற்றாத நாலு பூஞ்சட்டிகளும்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கழுவ வந்த ஆட்கள் பிரஷ்ஷும் வாளியுமாகக் காத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பழப் பையோடு மகளைப் பார்க்க வந்தவர், மோட்டார் சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்தார். முதலில் தடுப்புச் சுவரைப் பார்த்தார். மழை ஓய்ந்த பிறகும் மேல் துளைகளிலிருந்து தண்ணீர் குழாய் திறந்ததுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்த் துளைகளை, சுவரில் கறை படிகிறது என்று தலைவர் போன வருடம்தான் பூசி அடைத்திருந்தார். பிறகு சாக்கடைக்குப் போகும் தண்ணீரைப் பார்த்தார். பழப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கனம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சம்பந்தி, மோட்டார் ரொம்ப சூடாகுது போலிருக்கே. கொஞ்சம் நிறுத்தலாமா?"

"புது மோட்டார் சம்பந்தி. நீங்க மேல போங்க, டீ போடச் சொல்றேன்."

"சிமெண்டுத் தொட்டி ஒரேயடியா காஞ்சா வெடிப்பு விடும்."

"காய விட்டாத்தானே? கழுவின கையோட நிரப்பிடுவோம்."

"பாதித் தண்ணிய வச்சுக்கிட்டே கழுவிடலாமே?"

"அழுக்குத் தண்ணிய வச்சுக்கிட்டு அழுக்க எப்படிக் கழுவறது? நீங்க கட்டட ஆளு, உங்களுக்குத் தெரியாததா!" என்று சொல்லித் தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கடமை தவறாமல் சிரித்தோம்.

இதற்குள் மகளும் கீழே வந்துவிட்டாள். அப்பாவையும் தொட்டியையும் ஒரே பார்வையில் பார்த்தவள், படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

பொய்கள் தீர்ந்துபோன மனிதர் நிஜத்தின் ஓரத்தைத் தொட்டார். "சம்பந்தி, மண்ணுக்குள்ள தண்ணி நெறஞ்சு நிக்குது. இப்பப் போய் தொட்டிய காலி பண்ணினா, அடியிலேர்ந்து தண்ணி தூக்கும். தொட்டி மேல வந்துடும்."

"மேல வந்துடுமா?"

"மெதக்கும்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காங்கிரீட்டு, மெதக்கும்!"

"இரும்புக் கப்பல் மெதக்கலையா?" அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அவரே திடுக்கிட்டுப் போனார்.

"இதுக்கு முன்னாடியும் கழுவியிருக்கோம் சம்பந்தி. ஒண்ணும் மெதக்கல."

"வெயில் காலத்துல கழுவியிருப்பீங்க."

"சரி, இப்படி எங்கயாவது நடந்திருக்கா?"

"நடந்திருக்குன்னு கேள்வி."

"கேள்விதானே? நானும் என் சர்வீஸ்ல எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால பாத்திருக்கீங்களா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மோட்டார் இரைந்துகொண்டே இருந்தது. கழுவும் ஆட்களில் ஒருவர் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "முக்காவாசி போயிடுச்சு சார்" என்று குரல் கொடுத்தார்.

அவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"அத நிறுத்துப்பா, சம்பந்தி பேசறது காதுல விழல" என்றார் தலைவர். காவலாளி சுவிட்சை அணைத்தார். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டதால், அவர் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் துல்லியமாகக் கேட்டது.

"என் தொட்டிதான் சம்பந்தி. நான் கட்டினது. மெதந்துச்சு."

மூன்றாவது மாடிக்காரர் துள்ளி முன்னால் வந்தார். "ஏங்க, அந்த விடுதிக் கப்பல்! அது நீங்கதானா? நாங்க குடும்பத்தோட வந்து பாத்தோமே! போட்டோகூட இருக்கு!" பழைய படம் எதையும் அழிக்காத ஆசாமி அவர். செல்போனை நோண்டத் தொடங்கினார். அவர் தேடி எடுக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். தொட்டி கட்டியவரும் காத்திருந்தார். தன்னைப் பற்றிய படம் வரும்வரை பழப் பையோடு நின்று காத்திருப்பதைத் தவிர அந்த மனிதரால் வேறென்ன செய்ய முடியும்?

படம் கிடைத்தது. கைமாறிக் கைமாறி வந்தது. சாய்ந்து நிற்கும் பிரம்மாண்டமான தொட்டி. துண்டுக் கொடி. முன்னால் மூன்றாவது மாடிக்காரரும் மனைவியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நாங்கள் சிரித்தோம். தொட்டியைக் கழுவ வந்த ஆட்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "கேப்டன் ஐயா இவருதானா!" என்று யாரோ சொன்னார்கள். தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகளிடம் செல்போனை நீட்டி, "பாரும்மா, உங்கப்பா நம்மகிட்ட சொல்லவே இல்ல!" என்றார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றதால் நானும் இன்னொருமுறை பார்த்தேன். நாங்கள் யாரும் கவனிக்காத மூலையில், ஒரு மணல் குவியலின்மேல், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குடை முழுக்க அவர் பக்கமே சாய்ந்திருந்தது. என் சிரிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதரில்லை, சம்பந்தியின் தோளில் கைகூடப் போட்டார். "சரி விடுங்க சம்பந்தி. எல்லாருக்கும் ஒரு தப்பு நடக்கறதுதான். ஆனா ஒண்ணு, அது நீங்க கட்டின தொட்டி. இது நல்ல இன்ஜினீயர் கட்டினது. பயப்படாதீங்க." பிறகு காவலாளியைப் பார்த்து, "போடுப்பா மோட்டார. இன்னும் கொஞ்சம்தான்" என்றார்.

சொல்ல வேண்டியதை அவள் அப்பா சொல்லியாகிவிட்டது. மகளுக்குக் கொடுத்த வாக்கும் போய்விட்டது. அன்று தொட்டி நிற்கவில்லை, இன்று பெயரும் நிற்கவில்லை என்பதுபோல் நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கேப்டன், கப்பல் கெளம்பும்போது சொல்லுங்க, நாங்களும் ஏறிக்கறோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கும் தலையைக் குனிந்துகொண்டார்.

காவலாளி சுவிட்சுப் பலகையை நோக்கி நடந்தார். அவருக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பலகையில் மோட்டாருக்குப் போகும் ஃபியூஸ் கட்டையை, அந்த வெள்ளைப் பீங்கான் துண்டை, ஒரே இழுப்பில் பிடுங்கினாள். அதை மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி கையில் வைத்துக்கொண்டே எங்கள் நடுவில் நடந்து வந்து, அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"ஃபியூஸ் போயிடுச்சு, மாமா" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பழப் பையைத் தரையில் வைத்துவிட்டு, சட்டைப் பைக்கு மேல் உள்ளங்கையை விரித்து வைத்து மூடிக்கொண்டார்.